மேளத்துக்குப் பின்னால் என் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஞாயிறு மதியம் மெஷின்கள் ஓய்ந்ததும் நாலைந்து பேர் கூடுவோம். அவரவர் போனில் பதிவு செய்த பாட்டைப் போட வேண்டும். மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். போன மாதம் முதன்முதலாக என் பாட்டைப் போட்டேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அண்ணன் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாருக்கு தங்கச்சி. ஆனா அதுல நீ எங்க? மேளத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அறைக்கு வந்து மறுபடி கேட்டால், அவர் சொன்னதுதான் சரி. கூச்சத்தில், பதிவு செய்த குரல் மேல் போனிலேயே மேளத்தையும் எதிரொலியையும் அள்ளிப் பூசியிருந்தேன். இரண்டையும் குறைத்தேன்.

மறுவாரம் அதைக் கண்ணை மூடிக் கேட்ட அந்த அண்ணன், "இன்னொரு தடவை போடு" என்றார். பிறகு தன் பாட்டைப் போட்டு, "இப்ப நீ சொல்லு" என்றார். பயந்துகொண்டே, "புல்லாங்குழல் உங்க குரலை அமுக்குதுண்ணே" என்றேன். இருபது வருஷமாகப் பாடுகிற மனுஷன், பள்ளிப்பிள்ளை போல அதை எழுதிக்கொண்டார் அப்பா!

பாட்டைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். "நல்லாருக்கும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். குறைகளை ஒவ்வொன்றாகப் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். உங்கள் குரலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்பேன்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்