தம்பிக்காகப் பேசப் போன நாள்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பியை வீட்டுக்கு அனுப்பலாமா, காப்பகத்தில் சேர்க்கலாமா என்று வியாழக்கிழமை டாக்டர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். குடும்பத்தையும் கூப்பிட்டுக் கேட்பார்களாம். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானோ வேறொரு மனநல ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள். இந்த மாதிரிக் கூட்டமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நீ வாயத் தெறக்காம இரும்மா, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5

அவன் அறையைப் பெருக்கினேன். போர்வையை வெயிலில் போட்டேன்.

மார்ச் 6

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

வீட்டில் எப்படி இருப்பான் என்றுதான் பெரிய டாக்டர் கேட்டார். மாயக்குரல் கேட்கும், சமூக விலகல் உண்டு, தனக்கு நோய் என்ற உணர்வு இல்லை, மருந்தை மறுக்கும் போக்கு — பாடம் ஒப்பிப்பதுபோல அடுக்கினேன். எல்லாம் தெரிந்துதான் வைத்துக்கொள்கிறோம் என்று காட்ட நினைத்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நல்லபடியாகப் போகிறதென்று நம்பினேன், மடச்சி.

"நீங்களே இவ்வளவு தெளிவா சொல்லிட்டீங்க. இந்த நெலமையில வீட்டுல பாக்க முடியாதும்மா. காப்பகம்தான் சரி."

ரேடியோவோடு பேசுவான் சார், ஆள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான், மாத்திரையை அம்மா கொடுத்தால்தான் வாங்குவான் — இப்படிச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அதையேதானே சொன்னேன்! யாருடைய வாயால் சொன்னேன்?

பஸ்ஸில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் இருமுனா எந்திரிச்சு வந்து தண்ணி தருவான். அத ஏன்டி சொல்லல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 7

மறுபடி யோசிக்கச் சொல்லிப் போய்க் கேட்டேன். ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம் என்கிறார்கள்.

மார்ச் 11

அம்மா சாப்பாடு எடுத்து வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

காப்பகத்தில் முதல் தடவையாகப் பார்க்க விட்டார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். தம்பிக்குத் தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சட்டை அவனுடையது இல்லை. எதைப் பேசுவதென்று தெரியாமல், வேலையில் நோயாளிகளிடம் கேட்கிற அதே குரலில், தூக்கமெல்லாம் எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டேன்.

அவன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"நல்லா இருக்குங்க, மேடம்."