ஆறாம் நம்பர் இல்லாத செட்

8-7-78, சனி

காலையிலேயே வெயில். டிஸ்பென்சரியில் பதினேழு பேர், அதில் ஒன்பது பேருக்குக் கண் வலி. சொட்டு மருந்து தீரப்போகிறது. திங்கட்கிழமை இண்டென்ட் போட வேண்டும்.

மார்கரெட் மேடம் நேற்று ஊருக்குப் போய்விட்டார். அவர் கணவர் இஞ்சினியர் துரைக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்னால், கூட ஆட ஆள் இல்லை என்று கம்பெனி நர்ஸான என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கோல்ஃப் பழக்கியவர் மேடம்தான். நான் ஆடியதெல்லாம் அவருடைய மட்டைகளில். அவையும் போய்விட்டன. அவருடையவைதானே. குறை சொல்ல முடியாது.

அவை புது மாதிரி இரும்புகள். பின்பக்கம் பள்ளமாக இருக்கும், கனமெல்லாம் ஓரத்தில். கொஞ்சம் தப்பி அடித்தாலும் பந்து போய்விடும்.

நோட்டீஸ் போர்டில்: 29ஆம் தேதி ஆடிக்கிருத்திகை விடுமுறை. அன்று கம்பெனி போட்டி, ஒன்பது குழி. பெண்களுக்குத் தனியாக, பந்தைக் குழியில் உருட்டும் போட்டி மட்டும். பர்சேஸ் மேனேஜர்தான் கோல்ஃப் கமிட்டி செகரெட்டரி. (இனிமேல் இதில் ப.மே.) நேராக அவர் அறைக்குப் போனேன்.

"லேடீஸுக்குத்தான் உருட்டுற போட்டி வெச்சிருக்கோமே சிஸ்டர். எவர்சில்வர் டிபன் கேரியர் ப்ரைஸு."

"எனக்கு ஒன்பது குழியும் ஆடணும் சார்."

"சொந்தமா செட் இருக்கறவங்கதான் ஆடலாம். உங்ககிட்ட இருக்கா?"

இல்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பு திருத்தணி பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

10-7, திங்கள்

கண் வலி இன்னும் ஆறு பேர்.

ஸ்டோர் பாலய்யாவிடம் கேட்டேன். பழைய செட் ஏதாவது? தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கீது சிஸ்டர். மொத மொத வந்த தொர ஒருத்தரு உட்டுட்டுப் போனது. துருப்புடிச்சி கெடக்குது. லிஸ்ட்லயே இல்ல, எடுத்துகினு போங்க." இருக்கட்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

உள்ளது: 3, 4, 5, 7, 8, 9 (நம்பர் ஏற ஏறப் பந்து போகும் தூரம் குறையும்). உருட்ட ஒன்று. 6 இல்லை. பை இல்லை. பிடிகளில் தோல் உரிந்து தொங்குகிறது.

பிளேடு என்று மேடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்றுதான் கையில் பிடித்தேன். பின்பக்கம் பள்ளம் கிள்ளம் எதுவும் இல்லை. ஒரே தகடு, கத்தி மாதிரி மெல்லிசு. அடிக்கிற முகம் என் உள்ளங்கை அளவுகூட இல்லை.

11-7, செவ்வாய்

வீட்டுக்காரர் விசைத்தறி ஷெட்டிலிருந்து வந்ததும் காட்டினேன். மெக்கானிக் அல்லவா, இரும்பைக் கண்டால் விடமாட்டார். கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்த வெச்சிகினு பந்தா அடிப்ப? கசாப்புக் கடையில குடு, எலும்பு வெட்டுவான்."

"துரு எடுத்துக் குடுக்க முடியுமா முடியாதா பாவா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா."

எமரித் தாளும் மண்ணெண்ணெயும். எட்டு மணிக்கு ஆறும் பளபள. அத்தை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாதது நல்ல சகுனம் இல்லை.

12-7, புதன்

ஐந்து மணி பஸ். ஷிஃப்டுக்கு முன்னால் மைதானத்தில் ஒரு மணி நேரம், ஆடுகளும் நானும்.

7ஆம் நம்பர். இருபது பந்து. மேலே எழும்பியது மூன்று. மற்றதெல்லாம் தரையோடு வலது பக்கம். ஒவ்வொரு தப்புக்கும் முழங்கை வரை சுள்ளென்று. மேடத்தின் இரும்பு என் தப்பை மூடி மறைத்திருக்கிறது, இரண்டு வருஷமாக. இது மறைக்காது. தப்பு பண்ணினாய் என்று கையிலேயே சொல்லிவிடுகிறது.

சரி, சொல்லட்டும்.

கொப்புளம் இரண்டு. ஊசி போட்டுக்கொள்ள வந்த டர்னர் கேட்டான்: "சிஸ்டர், உங்களுக்கே கட்டா?"

14-7, வெள்ளி

பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. எங்கள் தொழிலில் முதலில் புண் எங்கே என்று பார்ப்போம். ஜென்ஷியன் வயலட்டைப் பஞ்சில் தொட்டுப் பந்தில் ஒரு பொட்டு வைத்தேன். அடித்ததும் இரும்பில் ஊதாக் கறை.

பத்துப் பந்து, பத்துக் கறையும் நுனியில். நடுவில் ஒன்றுகூட இல்லை. எட்டணாக் காசு அளவு இடம், அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அடித்திருக்கிறேன்.

விரல்கள் ஊதா. அத்தை: "இன்னாடி இது கையி, சாயப் பட்டறைக்கு வேலைக்குப் போறியா?"

16-7, ஞாயிறு

நேற்றும் இன்றும் யோசித்தது: இது ஆண்களுக்கான நீளம். நான் தள்ளி நிற்கிறேன், அதனால் நுனி. கிட்டே நின்றால் பிடி வயிற்றில் இடிக்கிறது.

அவரிடம் சொன்னேன். மேல்முனையில் ஒரு அங்குலம் அளந்து, ஹேக்ஸா பிளேடால் ஆறையும் அறுத்தார். பிடிக்குத் தறி ஷெட்டுப் பருத்தி நாடா, பசை தடவி இறுக்கிச் சுற்றியது. பழைய தார்ப்பாயில் ஒரு பையும் தைத்துவிட்டார், தோளில் மாட்ட வாருடன்.

"ஏன் பாவா இவ்வளவு பாடு படறீங்க?"

"அந்தாளு சிரிச்சாருன்னு சொன்னியே. அத்தோட தூக்கம் வரல எனக்கு."

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இவர் சொன்ன பெரிய பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

18-7, செவ்வாய்

இரவு தூறல். காலையில் தரை கொஞ்சம் இளகி இருந்தது.

வேகத்தைக் குறைத்தேன். பந்தை மேலே தூக்க வேண்டும் என்ற நினைப்பையே விட்டேன். கை முன்னால், முதலில் பந்து, அப்புறம் மண். பதினோராவது அடி. கையில் ஒன்றுமே தெரியவில்லை. அடித்தேனா என்றே சந்தேகம். நிமிர்ந்து பார்த்தால் பந்து அந்தரத்தில், நேராக, வெகு தூரத்தில். கறை நட்டநடுவில்.

மேடத்தின் மட்டையில் இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இப்படி இருந்ததில்லை.

ஆட்டுக்காரப் பெண் வாயைப் பிளந்து நின்றாள். நானும்தான்.

20-7, வியாழன்

ப.மே. டிஸ்பென்சரிக்கே வந்தார். பிரஷர் பார்க்க என்று. 140/90. உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

"செட்டு கெடச்சிதாமே. பிளேடாமே. ஆம்பளைங்களே அத்த விட்டுட்டாங்க சிஸ்டர். ரொம்பக் கஷ்டம். அப்புறம் ஆறாம் நம்பர் இல்லியாம். முழு செட் இல்லாம எப்படி ஆடுவீங்க? ரூல்னு ஒண்ணு இருக்குதே."

மேடம் கொடுத்துவிட்டுப் போன விதிப் புத்தகம் மேஜை டிராயரில்தான் இருந்தது. பக்கம் புரட்டிக் காட்டினேன். பதினாலு மட்டைக்கு மேல் கூடாது. அவ்வளவுதான். இத்தனைக்குக் கீழே கூடாது என்று எங்கேயும் இல்லை.

"ஏழு வெச்சிருக்கேன் சார். பதினாலுக்குள்ளதான் வருது."

சட்டைக் கைப் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பதினோரு பேர் பாப்பாங்க. அன்னிக்கி வெக்கப்பட்டுக்கக் கூடாது."

மாலை நோட்டீஸ் போர்டில் என் பெயர். பன்னிரண்டாவதாக, பென்சிலில். மற்றவர்கள் எல்லாம் பேனாவில்.

23-7, ஞாயிறு

எல்லாம் போய்விட்டது. எண்பது பந்து அடித்தேன், எட்டுகூடத் தேறவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது எங்கே போயிற்று? 4ஆம் நம்பரை வீசி எறிந்துவிட்டேன். கருவேல முள்ளில் போய் விழுந்தது. எடுக்கப் போய்க் கையெல்லாம் கீறல்.

வீட்டுக்கு வந்தால் அத்தை காத்திருந்தார். இத்தனை நாள் சேர்த்துவைத்தது.

"கிருத்திகை அன்னிக்கி மணவூர்ல இருந்து ஒன் நாத்தனா குடும்பம் வருது. எட்டுப் பேரு. ஊரே காவடி தூக்கிகினு மலைக்குப் போவும், நீ மட்டும் இரும்பத் தூக்கிகினு எங்கடி போவ?"

"பரணி அன்னிக்கே மலைக்குப் போயிட்டு வந்துடறேன் அத்த. சமையலும் பண்ணி வெச்சிட்டுத்தான் போவேன்."

"ஜனங்க இன்னா பேசும்?"

"என்னா வேணா பேசட்டும். நான் ஆடப் போறேன்."

இப்படி நான் எதிர்த்துப் பேசியது இதுவே முதல் தடவை.  பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். இவர் தறிச் சாமான் எதையோ துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார்.

26-7, புதன்

பாதி பரவாயில்லை. அவசரப்பட்டால் நுனி. நிதானித்தால் நடு. இவ்வளவுதான் விஷயம், இது புரிய ஒரு வாரம்.

பள்ளிப்பட்டு ரோடு முழுக்க ஜனம். மஞ்சள் புடவை, மஞ்சள் வேட்டி. கம்பெனியில் பாதிப் பேர் விரதம். மயக்கம் என்று மூன்று பேர் வந்தார்கள். மோர் கொடுத்து அனுப்பினேன்.

28-7, வெள்ளி, பரணி

365 படி. கூட்டத்தில் செருப்பு ஒன்று போயிற்று. நல்ல தரிசனம், ஒரு நிமிஷம்கூட நிற்கவிடவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. நடுவில் பட வேண்டும் என்று மட்டும்.

நாத்தனார் குடும்பம் வந்தாயிற்று. எட்டு இல்லை, பதினொன்று.

29-7, சனி, கிருத்திகை

நாலு மணிக்கு எழுந்து புளியோதரை, பொங்கல், வடைக்கு ஊறவைத்தது. கிளம்பும்போது அத்தை வாசலில் நின்றார். தடுக்கவில்லை. "சாப்டுட்டுப் போ" என்றார். நின்றபடியே இரண்டு வாய்.

ஊருக்குள் வருகிற பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது. ஊரை விட்டுப் போகிற பஸ்ஸில் நானும் இன்னும் நாலு பேரும். கண்டக்டர் பையைப் பார்த்தார்.

"இன்னா காவடிம்மா இது? மலை அந்தப் பக்கம் கீது."

"இந்தக் காவடி அரக்கோணம் ரோட்டுக்கு."

கடைசி ஜோடி நானும் பாய்லர் ரெட்டியும். என் அடிக்கணக்குக் கார்டு அவர் கையில், அவர் கார்டு என் கையில். வேட்டி கட்டிக்கொண்டு ஆடுகிற மனிதர், பேச்சு பாதி தெலுங்கு.

முதல் அடி, எல்லோரும் பார்க்க, 3ஆம் நம்பர். பந்தின் தலையில் பட்டது. முழங்கை வரை சுள். ஆனால் தரை காய்ந்து கல்லாகக் கிடந்ததால் பந்து முயல் மாதிரி ஓடி ஓடிப் பாதி தூரம் போயிற்று. யாரோ சிரித்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாவது குழி: முள்ளுக்குள். வெளியே வர மூன்று அடி. மொத்தம் ஒன்பது. கண்ணில் நீர். ரெட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர்.

ஆறாவது: புளியமரத்தடி, புல்லே இல்லாத வெறும் தரை. எங்களுக்கு முன்னால் போனவர்களின் புது மாதிரி இரும்புகளுக்கு அடிப்பாகம் தடிமன். அந்தத் தரையில் பட்டு எகிறியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ப.மே.க்கும் அதே கதிதான். என்னுடையதற்கு அடியே இல்லை, மெல்லிசுத் தகடு. 8ஆம் நம்பர். கை முன்னால். பந்துக்கு அடியில் அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. பந்து எழும்பி, குழியைச் சுற்றி எண்ணெய் கலந்து கெட்டித்த மணல் வட்டத்தில் பொத்தென்று விழுந்து நின்றது.

"அப்பா! ஏம் கொட்டினாவம்மா!" என்ன அடி அடித்தாய் என்று ரெட்டி தெலுங்கில் கத்தியதில் ஆடுகள் ஓடின.

அதற்குப் பிறகு பயமே இல்லை. தப்பினாலும் பயம் இல்லை.

கடைசிக் குழிக்கு ஆறாம் நம்பர் தூரம். இல்லாததைப் பற்றி என்ன பேச்சு. ஐந்தை இரண்டு விரல் கீழே தள்ளிப் பிடித்து, மெதுவாக. கையில் ஒன்றும் தெரியவில்லை. உருட்டி முடிக்க இரண்டு.

மொத்தம் 57. ப.மே. 54. குறைந்த அடிதான் கணக்கு, அவரை ஜெயிக்கவில்லை. எழுதிவைக்கிறேன், 54.

வேப்பமரத்தடியில் கரும்பலகை. ப.மே. சாக்பீஸால் வரிசை எழுதியிருந்தார், ஒன்று முதல் பதினொன்று வரை. ஆறாவது 56, ஏழாவது 59. என் பெயர் இல்லை.

"சார், என் பேர விட்டுட்டீங்க."

"உங்கள லேடீஸ்ல சேத்திருக்கேன் சிஸ்டர். டிபன் கேரியர் உங்களுக்குத்தான்."

"நான் அதுல ஆடவே இல்லியே. அக்கவுண்ட்ஸ் குமாஸ்தா சம்சாரம்தான ஜெயிச்சாங்க. அவங்களுக்குக் குடுங்க."

"ஏன் இவ்ளோ பிடிவாதம்? விளையாட்டுதானே."

சாக்பீஸை எடுத்தேன். ஏழு முதல் பதினொன்று வரை உள்ளங்கையால் அழித்தேன். 7. கலாவதி, டிஸ்பென்சரி, 57. பிறகு அந்த ஐந்து பேரையும் ஆளுக்கு ஒரு படி இறக்கி, பெயர் தப்பில்லாமல் எழுதினேன்.  பத்தாவதாக இறங்கிய ரெட்டி கார்டைத் தூக்கிக் காட்டினார்.

"ஏழுதான் சார். கார்டு என் கையில கீது."

வீட்டில் இவர் ஒரே கேள்வி: "அறுத்த அங்குலம் சரியா இருந்திச்சா?" ஆங், சரியாக இருந்தது.

30-7, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. விருந்தாளிகள் கிளம்பினார்கள். நாத்தனார் பெண் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அத்தை அவளிடம்: "கைய கிழிச்சிக்காதடி, உங்க அத்த ஆடுற சாமான் அது." விளையாட்டுச் சாமான் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

31-7, திங்கள்

மேகம். கண் வலி ஒருவருக்கும் இல்லை.

காலையில் கரும்பலகை பக்கம் போனேன். ஏழாவது வரி அழிக்கப்பட்டிருக்கிறது. அது மட்டும். கீழே உள்ளவர்களுக்கு நம்பர் திருத்தி, பழையபடி பதினொன்று. எழுதினேன்.

மதியம் மறுபடி அழித்திருந்தது. மறுபடி எழுதினேன்.

டிஸ்பென்சரியில் சாக்பீஸ் ஒரு பெட்டி முழுசாக இருக்கிறது.