அமுக்கத் தோன்றவில்லை

சின்னவளுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். உன் மூன்று கடிதங்களுக்கும் அம்மாதான் பதில் போட்டாள், அடியில் அப்பாவும் சௌக்கியம் என்று ஒரு வரி நீயே சேர்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சௌக்கியம்தான். ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது, முழங்கால் மூன்று மாடிக்குக் கட்டுப்பட மாட்டேன் என்கிறது, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. உன் அண்ணன் வேலை மாறியிருக்கிறான், புது ஆபீசில் அவன் இடத்துப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதாம், அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை, மழைக்காலம் போகட்டும் என்று தள்ளிப்போடுகிறாள். நீ அங்கே நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய சம்மதப் படிவம் ஏழு வாரமாக என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. உங்கள் தியான மையத்தில் நிரந்தரமாகச் சேர வேண்டுமென்றால் இருபத்தாறு வயதானாலும் பெற்றவர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும், சேர்ந்தபின் ஐந்து வருடம் வெளியே வர முடியாது, எல்லாம் படித்துவிட்டேன். அம்மா போடவில்லை. நீங்க முதல்ல போடுங்க, வழி காட்டினவர் நீங்கதானே என்கிறாள். போன வாரம் துணி மடித்துக்கொண்டே, முதல்ல ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தாரு, அதைப் பாத்து மகளும் மூடிக்கிட்டா, இந்த வீட்டுல கண்ணு திறந்திருந்தவ நான் ஒருத்திதான், அதுலயும் புரை விழுந்துடுச்சு என்றாள். சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை, அவளும் சிரிக்கவில்லை. படிவத்தோடு நீ வைத்திருந்த கடிதத்தில் ஒரு இடம் இருக்கிறது. நான் பார்த்த முதல் அமைதி நீங்கதான்ப்பா, எனக்கும் இப்ப எதுவும் வேணும்னு தோணறதில்ல, உங்களை மாதிரியே ஆயிட்டேன் என்று எழுதியிருந்தாய். பெருமைப்பட வேண்டிய வரி என்று அம்மா சொன்னாள்.

நீ தப்பாகப் பார்த்துவிட்டாய். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு எனக்கு வரும் என்று ஆஸ்பத்திரியை நடத்தும் பெரியவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வந்தது யாருக்கு என்று உனக்குத் தெரியும். நான் மெஷின் முன்னால் உட்காரவைத்துத் தொழில் சொல்லிக்கொடுத்தவன், எதற்கெடுத்தாலும் சரிங்க சார் சரிங்க சார் என்று தலையாட்டியதால் நாம் வீட்டில் சரிங்கசார் என்றே பேர் வைத்தோமே, அவனுக்கு. இப்போது அவனிடம் சரிங்க சார் சொல்வது நான். அந்த மாதம்தான் ரத்த அழுத்தம் ஏறியது, டாக்டர் காலையில் நாற்பது நிமிடம் சும்மா உட்காருங்கள் என்றார், உட்கார்ந்தேன். கண்ணை மூடியதும் அவன் முகம் வந்தது. அவனுக்குப் பின்னால் பெரியவர், அவருக்குப் பின்னால் சொத்துப் பங்கு பிரித்த அன்று சுருக்கென்று ஒரு வார்த்தை சொன்ன உன் பெரியப்பா, அப்புறம் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் என்னைப் படித்த முட்டாள் என்ற மேல்வீட்டுக்காரர். மூச்சை எண்ணச் சொன்னார்கள், நான் ஆட்களை எண்ணினேன். இன்று காலையும் எண்ணினேன், ஒருத்தரும் வரிசையை விட்டு நகரவில்லை. நீ கதவோரம் நின்று பார்த்து, பிறகு பக்கத்தில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார ஆரம்பித்தபோது உனக்குப் பதினைந்து வயது. நான் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம், என்னை ஒருத்தியாவது பெரிய ஆளாகப் பார்க்கிறாள் என்பதுதான். பாலம் கட்டும் படிப்பில் இடம் கிடைத்தது என்று மூன்று மாடியும் ஓடி ஏறி வந்து நீ மூச்சு வாங்கச் சொன்னாயே, நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதைப் பற்றற்ற நிலை என்று உன் தோழிகளிடம் சொன்னாயாம். எனக்கு அன்று சந்தோஷப்பட வரவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு டிரைவர் வந்தார், ஓய்வு பெற்றவர், காது கேட்கவில்லை என்று மருமகள் கூட்டி வந்திருந்தாள். எங்கள் அறை உனக்குத் தெரியும், அடித்தளத்தில், சுவரெல்லாம் பஞ்சு, உள்ளே உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்போம். இருபத்தெட்டு வருடத்தில் நான் பார்த்தது, கேட்டுவிட வேண்டும் என்று தவிக்கிறவன் நான் சத்தமே அனுப்பாதபோதும் அமுக்குவான். அவனால் எனக்கு வேலை இரட்டிப்பு, மனசுக்குள் திட்டுவேன். இவர் ஒருமுறைகூட அமுக்கவில்லை. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமைதியாக உட்கார்ந்திருந்தார், அவ்வளவு சாந்தமான முகம். பிறகு தலையில் கம்பி ஒட்டி மூளைக்குச் சத்தம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைச் செய்தேன், அதற்கு யாரும் எதையும் அமுக்க வேண்டாம். எல்லாம் போய்ச் சேர்கிறது, என் காதைவிட நல்ல காது. ஏன் ஐயா அமுக்கலை என்றேன். கேட்டுச்சு தம்பி, அமுக்கணும்னு தோணலை என்றார். கோபமாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். செவி நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சரிங்கசாரிடம் இதைச் சொன்னபோது, காது கேக்காதவனுக்கு மெஷின் மாட்டலாம் சார், கேட்டும் அமுக்காதவனுக்கு என்னத்த மாட்டறது என்றான். அவன் சொன்னது சரி. இந்த வரியை எழுத எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது.

உன் அமைதி நிஜமாகவே இருக்கலாம். ஆசையை முழுக்கத் தெரிந்துகொண்டு கீழே வைப்பவர்கள் இருக்கலாம், நான் பார்த்ததில்லை, அதனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்து வந்த அமைதி என்றால் மட்டும் அது வேண்டாம், அது அந்த டிரைவரைப்போலக் கேட்டும் அமுக்கத் தோன்றாமல் போன ஒன்று. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டி நீ செய்த பாலம் உன் கட்டிலுக்கடியில் கிடந்தது, அம்மா எடுத்து அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கிறாள். தினம் வைக்கிறாள், இன்னும் உடையவில்லை. அதைச் செய்த ஒரு மாதமும் நீ சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாய், விரலெல்லாம் பசை, முகத்தில் ஒரு வெறி. அந்த வெறியைத்தான் கரைந்துபோச்சு என்று உன் கடிதத்தில் எழுதியிருந்தாய். போச்சா, அல்லது என்னைப்போல உள்ளேயே கிடக்கிறதா என்று நீதான் பார்க்க வேண்டும், உனக்காக நான் பார்க்க முடியாது.

படிவத்தைக் காலியாகத் திருப்பி அனுப்புகிறேன். மறுக்கவில்லை. கையெழுத்துப் போடுவதும் போடாததும் எனக்கு ஒன்றுபோலவே இருக்கிறது, அந்த நிலையில் போடுவது சம்மதம் ஆகாது. எனக்கு இது வேணும்ப்பா என்று ஒரே ஒரு வரி எழுதி அதைத் திரும்ப அனுப்பு. எதுவும் வேண்டாம் என்பதால் அல்ல, இது வேண்டும் என்பதால். அன்றைக்கே நானும் போடுகிறேன், அம்மாவையும் போடவைக்கிறேன், அவளிடம் வாங்குகிற திட்டு என் பாடு. இல்லை, வேறொன்று வேண்டும் என்று தோன்றினால் அதை எழுது. தேதி தாண்டினால் தாண்டட்டும், தேதி தாண்டினால் ஓடிப்போகிற அமைதி என்ன அமைதி.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, தண்ணீர் பட்ட காதைக் குச்சி விட்டுக் குடையாதே, இது அப்பாவாக அல்ல, தொழில்காரனாகச் சொல்கிறேன். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, நீண்ட நாள் இரு. அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும்போல என்னுடையதைவிடப் பெரியது. உங்கள் அலுவலகம் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் என்று நீயே எழுதியிருந்தாய். யாரையும் நம்பாத புத்தி எனக்கு, பார்த்து எழுதிப் படிவத்தில் போட்டுக்கொள்ள என் கையெழுத்து இப்போதைக்கு அவர்கள் கையில் கிடைக்க வேண்டாம். இருபத்தெட்டு வருடமாக எதையும் பார்க்காமல் போட்டுப் பழகிய கையெழுத்து அது, உனக்கு எழுதிய கடிதத்தின் கீழே வர அதற்கு யோக்கியதையும் இல்லை. எழுத்தைப் பார்த்தாலே யார் என்று உனக்குத் தெரியும். இதை இப்படியே ஒட்டி, படி இறங்கிப் போய், பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.