டீச்சரின் சப்பாத்தில் ஏழு அட்டைகள்

அம்மா,

இன்று காலை என் வீட்டுக் கொடியில் வெள்ளையாக இரண்டு நீளப் பைகள் தொங்கின. என் மகள் மலையேறப் போய்விட்டு வந்து துவைத்துப் போட்டவை. "என்னடி இது?" என்று கேட்டேன். "அட்டைக்கும்மா. காட்டுக்குள்ள போறப்போ இத முழங்கால் வரைக்கும் மாட்டிக்கிட்டா ஒண்ணுகூட ஏறாது" என்றாள். அட்டைக்கென்று காலுறை! கடையில் விற்கிறார்களாம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்தபோது நீ வந்து நின்றாய். நீ போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உன்னிடம் பேசியே இராத ஒரு விஷயம் எனக்குள் அப்படியே கிடக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது. ரிங்லெட் பட்டணத்திலிருந்து லோரியில் ஏறினால் முக்கால் மணி நேரம் குலுங்கிக்கொண்டு வரவேண்டிய தேயிலைத் தோட்டம் நம்முடையது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டே அறைகள். சின்னப் பிள்ளைகளைப் பெரிய வாத்தியார் பார்த்துக்கொள்வார். மேல் வகுப்புக்கு வெளியூரிலிருந்து டீச்சர் வரவேண்டும். வருவார்கள். குளிரையும் மழையையும் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். அப்படி மூன்று பேர் ஓடினார்கள். டீச்சர் இல்லாத மாதங்களில் பெரிய பெண்கள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை நிறுத்திவிட்டுத் தாயோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். அக்காவும் அப்படித்தான் போனாள். அன்றைக்கு நீ அவளுக்குக் கூடைக் கயிற்றை அளவெடுத்துக் கட்டிவிட்டாய். அன்று இரவு நீ சோறு சாப்பிடவில்லை.

நான்காவதாக வந்தவர் கிள்ளான் பட்டணத்துக்காரர்; கிள்ளான் டீச்சர் என்போம். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். மழை இல்லாத மாதத்தில் வந்ததால் அட்டையை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. வெள்ளை கன்வஸ் சப்பாத்து போட்டிருப்பார். அதை வகுப்பு வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். மழை தொடங்கிய வாரம், நான் சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்துவிட்டேன். "மாடுகூட காலை உதறிட்டுத்தான் கொட்டகைக்குள்ள வரும்" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்கு வாய்த்த கோபம் உன்னுடையதுதானே, யாரிடமிருந்து வந்திருக்கும்?

மறுநாள் காட்டோரப் பாதையில் அட்டை பொறுக்கினேன். காலி பால் டின்னில் ஈரப் பாசியைப் போட்டு ஏழு அட்டைகள். ஓய்வு நேர மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், வெளியே போக அனுமதி கேட்டுக்கொண்டு போய் இரண்டு சப்பாத்திலும் பிரித்துக் கொட்டினேன். டீச்சர் மாட்டிக்கொண்டு போனார். அட்டை கடித்தால் வலிக்காது என்பது உனக்குத் தெரியும். திடலில் நின்று எங்களுக்குப் பந்து விளையாட்டு சொல்லிக் கொடுத்தார். வெள்ளைத் துணி மெல்ல மெல்லச் சிவந்தது. ஒரு பையன்தான், "டீச்சர், ரத்தம்!" என்று கத்தினான். அவர் குனிந்து பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். அப்புறம் அவர் போட்ட சத்தம் தொழிற்சாலை வரை கேட்டதாம். கையாலேயே பிய்த்துப் பிய்த்து எறிந்தார். பிய்த்த இடமெல்லாம் ரத்தம் நிற்காமல் ஓடியது. அப்படியே மயங்கிச் சரிந்தார்.

பெரிய வாத்தியார் "யார் செய்தது?" என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிரம்பை எடுத்தவர் என்ன நினைத்தாரோ, திரும்ப வைத்துவிட்டார். "ஒன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்புறேன். அவங்க பாத்துக்குவாங்க" என்றார். உன் கை அவர் பிரம்பைவிடப் பேர்போனது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஆள் ஓடியது. கூடவே இன்னொரு சேதியும் ஓடியது. டீச்சர் நாளைக் காலை லோரியில் கீழே இறங்குகிறார். இனி வரமாட்டார்.

நான் வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, அடுப்படியில் கிடந்த தேயிலைக் குச்சிகளையெல்லாம் கோழிக் கூண்டுக்குப் பின்னால் ஒளித்ததுதான். இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாவாடைகளைக் கட்டிக்கொண்டது. நீ வந்தாய். கூடையை இறக்கினாய். என்னை மேலிருந்து கீழே பார்த்தாய். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா வாசலில் நின்றுகொண்டு, "விடாதக்கா, தோல உரிச்சிடு! பொட்டப்புள்ளைக்கு இவ்ளோ திமிரா?" என்று உனக்கு எடுத்துக் கொடுத்தாள். நீ கத்தினால் நான் தப்பித்தேன் என்று அர்த்தம். அன்றைக்கு நீ கத்தவில்லை. கை கால் கழுவினாய். உப்பும் புகையிலையும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டாய்.

"அந்தப் பாவாடையெல்லாம் அவுத்துப் போட்டுட்டு ஒண்ணோட வா" என்றாய். அவ்வளவுதான். இரண்டு பாவாடைகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு உன் பின்னால் வந்தேன்.

டீச்சர் வீட்டில் பெட்டி திறந்து கிடந்தது. பாதி துணி உள்ளே, பாதி வெளியே. கால் இரண்டையும் துண்டால் சுற்றிக்கொண்டு அழுத முகத்தோடு நாற்காலியில் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. நீ தரையில் உட்கார்ந்து, "காலைக் குடுங்க டீச்சர்" என்றாய்.

"ஐயோ, வேணாங்கம்மா. நீங்க பெரியவங்க."

"கடிச்ச வாய் வயசு பாத்தா கடிச்சிச்சு? குடுங்க."

அவர் பாதத்தை மடியில் வைத்து, புகையிலைத் தூளை அப்பி, துணியைக் கிழித்துக் கட்டினாய். யார் காலையும் நீ தொட்டு நான் பார்த்ததில்லை. தோட்டத்துத் துரை வந்தாலும் நிமிர்ந்து நிற்கிறவள் நீ. எனக்கு என்னவோ செய்தது. நாலு அடி போட்டிருந்தால் இதைவிடத் தேவலை.

"நாளைக்குப் போறேங்கம்மா. என்னால முடியல. அந்தப் பாதையில எப்படி நடக்குறது?" என்றார் டீச்சர்.

"போங்க டீச்சர், யாரு வேணாண்றா. ஆனா லோரி நிக்கிற எடத்துக்கும் அந்தப் பாதையிலதானே போவணும்? நடக்குறதுக்கு ஒரு முறை இருக்கு. வரிசையில மொதல்ல போறவங்கள அட்டை புடிக்காது. அவங்க காலடி பட்டுத்தான் அது முழிச்சிக்கும். முழிச்சிட்டு, பின்னால வர்ற ஆளத்தான் புடிக்கும். நீங்க மொதல்ல நடங்க." பிறகு முதல் தடவையாக என்னைக் காட்டினாய். "இவ ஒங்க பின்னால வருவா. வெறுங்காலோட. வழியில ஒண்ணகூட தட்டக் கூடாது. எறங்கினப்புறம் நீங்களா பாத்து உப்பு வச்சா வைங்க, இல்லாட்டி விட்டுட்டுப் போங்க."

எனக்கு அழுகை முட்டியது. தினமும் அந்தப் பாதையில் நான்தான் முன்னால் துள்ளிக்கொண்டு ஓடுவேன். கூட வரும் பிள்ளைகளைத்தான் அட்டை பிடிக்கும். எனக்கு அதிர்ஷ்டக் கால் என்று பீற்றிக்கொள்வேன். அதிர்ஷ்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் நீ வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. காய்ச்சலோடுகூடப் போய்ப் பேர் கூப்பிடும்போது நிற்கிறவள், அன்றைக்குப் போகவில்லை. கங்காணி ஆள் அனுப்பினார். "வேல இருக்குன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினாய். டீச்சரின் தகரப் பெட்டியைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டாய். இரவெல்லாம் பெய்த மழையில் பாதை நொதநொதவென்றிருந்தது. டீச்சர் முன்னால் நடந்தார். அவர் கால் எடுத்த இடத்தில் நான் கால் வைத்தேன். இலை நுனியில் அவை தலையைத் தூக்கி ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஏறுவது தெரிகிறது. தட்டக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் நீ வருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கோபத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதை முடிந்து ரோட்டுக்கு வந்தோம். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப் பக்கம் லோரி. டீச்சர் தன் காலைப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. என் காலைப் பார்த்தார். முழங்கால் வரை ரத்தம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். லோரிக்காரர் ஹார்ன் அடித்து, "டீச்சர், ஏறுறீங்களா இல்லையா லா? மார்க்கெட்டுக்கு நேரமாவுது!" என்று கத்தினார். டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்து, நீ என் இடுப்பில் கட்டிவிட்டிருந்த உப்பு முடிச்சை அவிழ்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முதல் அட்டையின் மேல் வைத்தார். அது சுருண்டு விழுந்தது. அடுத்ததற்குக் கண்ணைத் திறந்துகொண்டார். நடுவில் என்ன தோன்றியதோ, நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டுதான் நானும் திரும்பினேன்.

நீ நின்றுகொண்டிருந்தாய். தலையில் பெட்டி, இரண்டு கையும் பெட்டியில். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாய். கீழே உன் கால்களில் தோல் தெரியவில்லை அம்மா. எனக்கு முன்னால் ஓர் ஆள்தான் நடந்தார். உனக்கு முன்னால் இரண்டு பேர் நடந்திருக்கிறோம். இருவரும் எழுப்பிவிட்டது எல்லாம் உன்மேல்தான் ஏறியிருக்கிறது. இப்படித்தான் ஆகும் என்று முதல் நாளே தெரிந்து வைத்துக்கொண்டு, தட்ட ஒரு கைகூட இல்லாமல் அந்தப் பாதை முழுக்க நீ வந்திருக்கிறாய்.

"நீங்க ஏன்மா கடைசியா வந்தீங்க?" உப்பு முடிச்சோடு டீச்சர் எழுந்து உன் பக்கம் வந்தார்.

"புள்ளைக்குத் தண்டன குடுத்தா பெத்தவளுக்குப் பங்கு இல்லியா டீச்சர்?" என்றாய். கடையில் சாமான் கேட்பது போல்தான் சொன்னாய். பிறகு, "கழுத்து வலிக்குது. பெட்டிய எங்க எறக்க? லோரியிலயா, ஸ்கூல்லயா?" என்றாய்.

டீச்சர் உன் காலடியில் உட்கார்ந்து அட்டைகளை எடுக்கத் தொடங்கியிருந்தார். நிமிராமலே, "ஸ்கூல்ல" என்றார்.

அந்த மழைக்காலம் முடியும்வரை தினமும் நான் டீச்சருக்குப் பின்னால் நடந்தேன். அவர் ஆறு வருடம் இருந்தார். நான் ஆறாம் வகுப்பு தேறினேன், தானா ராத்தா பட்டணத்துக்குப் படிக்கப் போனேன், ஆஸ்பத்திரித் தாதியாகி மலையை விட்டு இறங்கினேன். அந்தக் காலையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசினால் உன் முன்னால் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துக்குப் பதில் கட்டை விரலை ஒற்றியவள் நீ. எங்கிருந்தம்மா வந்தது உனக்கு அவ்வளவு பெரிய மனசு? இந்த வயதிலும் நினைத்தால் மயிர் கூச்செறிகிறது.

சில வருடங்களுக்கு முன் என் மகள் பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்டாள். காலையில் பள்ளித் திடலில் சபைகூடும் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்கள். கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையை இறக்கிவிட்டு, மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். அத்தனை கண்களும் பார்த்திருக்க, அந்தத் திடலை அவள் கடக்கும்போது நானும் பின்னாலேயே நடந்தேன். பாதி வழியில் அவள் திரும்பினாள். "நீ ஏம்மா வர்ற? தப்பு செஞ்சது நான்தானே?" என்றாள்.

"நீ நட" என்றேன்.