தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்ன அக்காவுக்கு

என் செல்ல அக்கா,

நீ போன பிறகும் தினமும் உன் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் இல்லை, நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த அதே தாராவிப் பள்ளிக்கூடத்தில். உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஊரடங்கு சமயத்தில் நீ செல்போனில் பிடித்து அனுப்பிய அறிவியல் பாடங்களை ஆறாம் வகுப்பின் ஸ்மார்ட் போர்டில் ஓடவிடச் சொல்லிவிட்டார் ஹெட்மாஸ்டர். பக்கத்து வகுப்பில் நான் கணக்கு நடத்துகிறேன். நடுவில் வெறும் தட்டிதான்.

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றும் வரவில்லை. மாட்டுங்கா சித்தி, "அழுதிருட்டி, உள்ள வச்சுக்கிடாத" என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். எப்போது நிறுத்துவாள் என்றுதான் எனக்கு இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பாடம் சொல்ல வந்த எந்தப் பெட்டியின் மேலும் உனக்கு மரியாதை கிடையாது. நாம் படித்தபோது டீச்சர் ஒரு வரி சொல்ல, வகுப்பே திருப்பிச் சொல்லும். யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று யார் கண்டார்கள்? நீ வேலைக்குச் சேர்ந்த பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது. டிவி வந்து, இரும்பு அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அப்புறம் கம்ப்யூட்டர் ரூம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். "கோயில்னு நெனச்சிட்டாவ. சூடம் மட்டுந்தான் காட்டல" என்றாய். நீ எதையும் நம்பாமல், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அந்தப் பழக்கத்தைச் செல்போனுக்கும் கொண்டுபோனாயே. கேள்வி கேட்பாய், கொஞ்சம் நிறுத்துவாய், பிறகு "சரியாச் சொன்னீங்க" என்பாய். "அங்க எந்தப் புள்ள என்னத்தச் சொல்லிச்சோ, நீ எப்படிக்கா சரின்னு சொல்லுத?" என்று கேட்டேன்.

"தனியா உக்காந்து போனப் பாக்குற புள்ளட்டி. ஏதோ வாயத் தொறந்து சொல்லும்லா. கேக்க ஒரு ஆளு இருக்குன்னு அதுக்குத் தோணவேண்டாமா?" என்றாய்.

போன வாரம் ஆறாம் வகுப்பு இசக்கியின் அம்மா வந்தார். செம்பூரில் வீட்டு வேலை பார்க்கிறவர். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்.

"டீச்சர், தண்ணியக் கொதிக்க வைக்கவே விடமாட்டேங்கா. துணியில வடிச்சாப் போதும், பெரிய டீச்சரே சரின்னுட்டாங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கா. கேஸ் மிச்சம்னு நானும் விட்டுட்டேன். இப்ப வயித்தால போயிப் படுத்துக் கெடக்கா. அப்படியா சொல்லிக் குடுத்தீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீயா அப்படிச் சொல்லியிருப்பாய்? இசக்கி தேறி வந்ததும் அதே பாடத்தை ஓடவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

நீ பச்சைச் சேலையில் இருந்தாய். பின்னால் நம் வீட்டுக் குக்கர். "குடிக்கிற தண்ணிய என்ன செய்யணும்? கொதிக்க வைக்கணுமா, துணியில வடிகட்டினாப் போதுமா? சொல்லுங்க பாப்போம்."

"வடிகட்டினாப் போதும்" என்று பாதி வகுப்பு கத்தியது. நீ சிரித்தாய். "சரியாச் சொன்னீங்க. அடுத்த கேள்வி."

எழுந்து போய் போர்டை அணைத்தேன். "தப்பு. கொதிக்க வைக்கணும்" என்றேன்.

இசக்கி எழுந்தாள். "பெரிய டீச்சர் சரின்னாங்களே."

"நீ சொன்னது அவங்களுக்குக் கேக்காதும்மா. அவங்க செத்துட்டாங்க."

அந்தச் சொல்லை நான் அதுவரை சொன்னதில்லை. தவறிட்டா, போயிட்டா என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இசக்கிக்குத் தெரியாததா? உனக்காக பிரேயரில் கண்ணை மூடி நின்றவள்தான். ஆனாலும் உட்காரவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நாங்க யாருக்கு டீச்சர் பதில் சொன்னோம்?"

தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் அக்கா. நீ கேட்பாய், நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுப்பேன். நீ சரி என்றதும் மனசுக்கு இதமாக இருக்கும். என் நாள் அப்படித்தான் ஓடியது.

ஹெட்மாஸ்டரிடம் பேசிவிட்டேன். ஆள் வரும்வரை, தட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு இரண்டு வகுப்பையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அறிவியல் எனக்கு அரைகுறைதான், படித்துக்கொள்கிறேன். கேள்வி கேட்டுவிட்டு நிற்பேன். பிள்ளைகள் சொல்வதைக் காதில் வாங்காமல் வாய் திறக்கமாட்டேன். இது சத்தியம்.

அந்த அறையில் இனி உன் குரல் கேட்காது அக்கா. அதை நிறுத்தியது நான்தான்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி