டாக்டரிடம் அப்பா நடத்தும் மெடிக்கல்

அன்புள்ள ஜோபி அண்ணனுக்கு, ஏலப்பாறையிலிருந்து பின்சி எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் இங்கே எல்லோரும் நலம், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டுகிறோம். அம்மா சொல்லச் சொல்ல எழுதினால் இப்படித்தான் தொடங்கும் என்பதால் நானும் போட்டுவிட்டேன். இந்த வீட்டில் நலம் என்ற வார்த்தைக்கு என்ன பொருள் என்பதை இனிமேல் படி.

போனில் சொல்ல வழியில்லை. அப்பா உன் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டால் நீ கத்தாரில் இருமுவது இந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கிறது. பக்கத்து வீட்டு வேதமுத்து மாமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தம்பிக்கு சளியாடா என்று விசாரிக்கிறார். அதனால் லீவு முடிந்து நாளை கத்தாருக்குக் கிளம்பும் ஜெகனிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால், வேலையை விட்டுவிட்டு நீ ஓடி வந்துவிடுவாய் என்று அழுவார். எல்லோரும் தூங்கிய பிறகு அரை வெளிச்சத்தில் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குக் கிட்னியில் கோளாறு என்று உனக்குச் சொன்னார்கள், லேசாக என்றும் சொல்லியிருப்பார்கள். பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை அண்ணா. இந்த வீட்டில் அதற்குப் பெயர் லேசு. கோட்டயத்தில் டாக்டரம்மா முதல் நாளே மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார், வலி மாத்திரை மட்டும் தொடவே கூடாது, கிட்னிக்கு அது விஷம், உப்பைக் குறையுங்கள், கால் வீங்குவதால் தண்ணீரையும் நான் சொல்லும் அளவுக்கு மேல் குடிக்க வேண்டாம் என்று. அப்பா கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோல் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கேட்ட பிரசங்கத்துக்கு என்ன மரியாதையோ அதுவேதான் இதற்கும். மறுநாளே ஜோஜோ கடையில் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கிவிட்டார். கேட்டால், ஏட்டி, அந்தம்மா சொன்னது ஆஸ்பத்திரி மாத்திர, இது நம்ம ஜோஜோ கட மாத்திரதான என்கிறார். ஜோஜோ டீத்தூளுக்கும் சோப்புக்கும் நடுவில் வைத்து விற்பதால் அது மளிகைச் சாமான் ஆகிவிட்டது போலிருக்கிறது.

இதைவிடப் பெரிய கூத்து, டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் நடப்பது. எஸ்டேட்டில் வருஷா வருஷம் மெடிக்கல் என்று உடல் பரிசோதனை நடக்குமே, அன்றைக்கு எல்லோரும் காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்து காட்டுவார்கள், ஒன்றும் இல்லை சார் என்பார்கள், ஏனென்றால் முடியவில்லை என்று எழுதிவிட்டால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்த மெடிக்கலை அப்பா கோட்டயம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லோரும் கம்பெனி ஆட்கள் என்பது அவர் முடிவு. கிட்னி டாக்டரைப் பார்ப்பதற்கென்றே விடியற்காலையில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அணிவகுப்புக்குப் போவதுபோல் உள்ளே நடந்தார். மூச்சு வாங்குகிறதா என்றார் டாக்டரம்மா. இல்லம்மா. இரவில் தூக்கம்? நல்லா வருதும்மா. வலி மாத்திரை ஏதாவது? ஐயோ, அந்தப் பக்கமே போறதில்லம்மா. நான் வாயைத் திறக்கப் பார்த்தேன், மேசைக்கு அடியில் தொடையில் கிள்ளினார். இன்னும் கன்றியிருக்கிறது. கையில் வலு இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் உண்மையான அத்தாட்சி.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகச் செய்கிறார், பிறகு ஏன் இப்படி இறங்கிக்கொண்டே போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்துவிட்டு, டயாலிசிஸுக்கு ஊசி ஏற்றக் கையில் ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்து வழி செய்ய வேண்டுமா என்று முடிவெடுக்கலாம் என்றார். வெளியே வந்ததும் அப்பா என்னிடம், பாத்தியா, நல்ல பேருதான் வாங்கியிருக்கேன் என்றார்.

உனக்கும் கொஞ்சம் இருக்கிறது. தண்ணி நெறைய குடிங்கப்பா, கிட்னி கழுவும் என்று எவனோ அனுப்பியதை நீ வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்பினாயே, பெரிய டாக்டரே, அதை மட்டும் அப்பா தவறாமல் செய்கிறார். எம் மவன் சொல்லிட்டான் என்று சொம்பு சொம்பாகக் குடிக்கிறார், கால் பலாக்காய் மாதிரி ஆகிவிட்டது. படித்து வந்த டாக்டர் சொன்னால் ஏறாது, நீ சொன்னால் ஏறும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், மற்றபடி உன் மூளையை நம்பி இல்லை.

வியாழக்கிழமை போன் பண்ணு. தண்ணீர் விஷயம் தப்பு என்று முதலில் ஒத்துக்கொள். இந்த டாக்டர் கம்பெனிக்கு எதுவும் எழுதிக் கொடுக்கமாட்டார், உள்ளதைச் சொன்னால்தான் மருந்தை மாற்ற முடியும் என்று சொல். ஜோஜோ கடை மாத்திரை அட்டையை அப்பாவே எடுத்துக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று சொல். லயம் முழுக்கக் கேட்டாலும் கேட்கட்டும்.

நீ பேசாவிட்டால் வெள்ளிக்கிழமை நான் பேசுவேன். டாக்டரம்மாவிடம் சொன்னால் செத்தாலும் உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று பஸ்ஸில் அப்பா சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுவேன் அண்ணா. ஆயுசுக்கும் என்னிடம் பேசாமல் முறுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கட்டும், நான் சோறு போடுகிறேன்.

அம்மாவின் ஆசீர்வாதத்தை அவருக்குத் தெரியாமல் நானே எடுத்து அனுப்புகிறேன், வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

உன் தங்கை
பி. பின்சி