விராலுக்குப் போன பைப்

ஞாயிறு, இரவு.

படுத்தேன், தூக்கம் வரவில்லை. நான் புகை பிடிக்கும் பைப்பால் மீனை அடித்துக் கொன்றிருக்கிறான் மச்சினன். நானோ "பரவாயில்ல மாப்ள" என்றேன்.

காலையில் இருவரும் நத்தம் சாலைக் கண்மாய்க்குத் தூண்டிலோடு போனோம். தக்கை அசையாமல் மிதக்கும்போது பைப்பில் புகையிலையை நிதானமாக அடைத்துப் பற்றவைத்து, முதல் புகையைத் தண்ணீர் மேல் விடுவது எனக்கு அப்படியொரு சுகம். வாரம் முழுக்க அதற்காகவே காத்திருக்கிறேன்.

அவன் வாயில் சுருட்டு. "என்ன மச்சான், அடுப்புப் பத்தவைக்க இம்புட்டு நேரமா?" என்றான்.

அப்போது என் தூண்டிலில் விரால் மாட்டியது. கரையில் இழுத்துப் போட்டேன். அது துள்ளித் துள்ளித் தண்ணீர்ப் பக்கமே போனது. கல்லைத் தேட அவனுக்குப் பொறுமையில்லை. என் பல்லிடுக்கிலிருந்து பைப்பைப் பிடுங்கி மீனின் தலையில் இரண்டு போடு போட்டான். காம்பு முறிந்தது. புகையிலை நெருப்போடு சேற்றில் சிதறியது.

"மீனு போனா வருமா மச்சான்? இது கடையில கிடைக்கும்."

திண்டுக்கல்லில் எந்தக் கடையில் கிடைக்கும்? அதையாவது கேட்டிருக்கலாம். மனைவியின் தம்பி என்று பொறுத்தேனா, வெறும் பயமா, எனக்கே தெரியவில்லை.

ராத்திரி எங்கள் வீட்டில் அந்த விரால் குழம்பை மூன்று தடவை ஊற்றிக்கொண்டான். புறப்படும்போது, "அடுத்த வாரம் வரைக்கும் இதைக் குடிங்க" என்று ஒரு சுருட்டை மேசையில் வைத்தான். நன்றி வேறு சொன்னேன்.

இப்போதுதான் அதை எடுத்து நசுக்கி, மனைவி விழித்துவிடாமல் ஜன்னலை மெல்லத் திறந்து, வெளியே எறிந்தேன். அவன் முகத்துக்கு நேராக எறிந்திருக்க வேண்டும்.